புளியங்கரையில் நிற்காத பாட்டு

கொளஞ்சிக்குப் பாட்டு எழுத வராது. பெரம்பலூர் - அரியலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தினமும் ஊர்ப் பேர்களைக் கூவிக் கூவியே தொண்டை பழகியவன். எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்திய கீபோர்டு அரங்கநாதன் அந்தக் கூவலுக்கே மெட்டுப் போட்டு, அவனையே பாட வைத்தார். நான் தபேலா. 1998இல் கேசட் வந்தது. டீக்கடை, கல்யாண வீடு, சிமெண்ட் லாரி, எங்கே பார்த்தாலும் அந்த ஒரே பாட்டுதான். அரங்கநாதன் கூலிங்கிளாஸைக் கழற்றாமலே தூங்குகிறார் என்று ஊரில் கேலி பேசினார்கள். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன்.

அந்த மவுசில்தான் புளியங்கரை மாரியம்மன் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். தாம்பூலத் தட்டோடு வந்து அழைத்ததில் மயங்கிப்போய், பாட்டில் அந்த ஊர்ப் பேரே இல்லை என்பதை எங்களில் ஒருவனும் யோசிக்கவில்லை. கூறுகெட்ட கூட்டம்.

மேடைக்குப் பின்னால் வந்த ஊர்ப் பெரியவர் குழந்தைவேல், வேன் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"முன்னாடி ஊரு பாட்டுல வருது, பின்னாடி ஊரும் வருது. நடுவுல நாங்க என்ன, சுடுகாடா? எங்க பேரு வரட்டும், சாவி வரும்."

"அதுக்கென்னங்க, சேத்துடலாம்" என்றார் அரங்கநாதன். எங்கே சேர்ப்பது? ஓர் ஊரை எடுத்தால்தான் மெட்டில் இன்னோர் ஊருக்கு இடம். எடுக்க வேண்டிய பக்கத்து ஊர்க்காரர்களோ சம்பந்தி மரியாதையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்டா இந்த ஊர விட்ட?" என்று கொளஞ்சியிடம் எரிந்து விழுந்தேன்.

"எங்க பஸ்ஸு இங்க நிக்காதுண்ணே. நிக்காத ஊர எப்பிடிக் கூவுறது?"

பொழுது சாய்ந்தது. மற்ற பாட்டுகளுக்கு ஒரு கைதட்டல்கூட இல்லை. கடைசியில் அந்தப் பாட்டைத் தொடங்கினோம். ஒவ்வோர் ஊராக வந்து, முன்னாடி ஊரும் வந்துவிட்டது. பின்வரிசை எழுந்து நின்றது. அரங்கநாதன் என்னைப் பார்த்தார். நான் மாரியம்மனைப் பார்த்தேன்.

கொளஞ்சி சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு தடவை ஊதினான். எங்கள் கைகள் தாமாக நின்றன.

"புளியங்கரை! ஏறுறவங்கல்லாம் ஏறுங்க!"

கூட்டம் ஓவென்று கத்தியது. குழந்தைவேலே சிரித்துவிட்டார். தப்பித்தோமடா சாமி என்றிருந்தது எனக்கு. இரட்டை விசில் கொடுத்தால் பாட்டு கிளம்பிவிடும். கொளஞ்சி மறுபடி விசிலை வாயில் வைத்தான்.

"இப்ப நிறுத்துறியே, தம்பி."

மேடைக்குக் கீழே ஒரு பெண் நின்றிருந்தாள். உண்ணாமலை என்று பிறகு சொன்னார்கள்.

"போன ஐப்பசியில காய்ச்சக்காரப் புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுல நின்னு கையக் காட்டுனேன். படியில நீதான நின்ன. பாத்துக்கிட்டேதான போன."

"புள்ள...?" என்றான் கொளஞ்சி. மைக் கையிலேயே இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது.

அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இரட்டை விசில் வரவே இல்லை. சாவியைக் குழந்தைவேலே கொண்டுவந்து கொடுத்தார். யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளிலிருந்து கொளஞ்சி புளியங்கரையில் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினான். டிரைவர் கத்தினார், முதலாளி எச்சரித்தார், கடைசியில் வேலை போயிற்று. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்கு மூட்டை ஏற்றப் போனான். ஊரும் எங்கள் கேசட்டை மறந்தது.

2006இல் அரியலூரில் ஒரு கல்யாணத்தில் யாரோ அவனை அடையாளம் கண்டு பாடச் சொன்னார்கள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மன்னிச்சுக்கங்க. அந்தப் பாட்டு புளியங்கரையிலயே நிக்குது" என்றான். "ஏற வேண்டிய புள்ள இன்னும் வரல."