இருட்டண்ணனின் கட்டைவிரல்

லென்ஸின் பின்பக்கம் டார்ச்சை அடித்து, முன்பக்கம் ஒற்றைக் கண்ணை வைத்து, "இது யாரு வீட்டு அலமாரியில தூங்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்கிறார் இருட்டண்ணன். விற்க வந்தவர் வாயைத் திறப்பதற்குள் பதிலும் அவரிடமிருந்தே வந்துவிடுகிறது. "ஈர அலமாரி. கண்ணாடி ஓரத்துல பூஞ்சை கட்ட ஆரம்பிச்சிருக்கு. பயப்படாதீங்க, தொடச்சா போயிடும்." அடுத்து லென்ஸை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். நாக்கில் வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி என்று கடை முதலாளி கேலி செய்வதுண்டு.

பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் வாங்கி விற்கிற கடை அது. வருவதையெல்லாம் சோதித்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வதுதான் அவர் வேலை. கடையின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் அழுமூஞ்சியாக ஒரு பல்பு. கதவைச் சாத்திக்கொண்டு அங்கே போய் நின்றுவிடுவார். பெயர் வந்த கதை அதுதான். வெயிலில் எல்லா லென்ஸும் யோக்கியமாகத்தான் நடந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. "வெளிச்சத்துல எவன் வேணா நல்லா எடுப்பான். இருட்டுல வெச்சுப் பாருங்க, அப்பத்தான் குணம் தெரியும்" என்பார்.

அதிலும் அவருக்கு உயிர், வாய் பெரிய லென்ஸ்கள். ப்ரைம் என்பார்கள். ஜூம் கிடையாது, வைத்தது வைத்த தூரம்தான். ஆனால் உள்ளே இருக்கிற துளை அகலமாகத் திறந்து, மங்கின வெளிச்சத்தையும் வாரிக் குடித்துவிடும். வாங்க வந்தவர்கள் இப்படியும் அப்படியும் திருகிவிட்டு, "கிட்டக் கொண்டுவர இதுல எதுவும் இல்லையா?" என்று கேட்டால், "உங்களுக்குக் கால் இருக்குல்ல. கிட்டப் போறது உங்க வேலை" என்று சொல்லி அவர்கள் முகம் போகிற போக்கை ரசிப்பார். அந்தப் பெரிய வாயில் ஒரு சிக்கலும் உண்டு. முழுதாகத் திறந்தால், தெளிவு வெங்காயத் தோல் கனத்துக்குத்தான் கிடைக்கும். ஒரு கண் தெளிந்தால் மறுகண் மங்கும். மூக்கு நுனியில் விழுந்தால் இரண்டு கண்ணும் போச்சு. "நிறைய வாங்கிக்கும். ஆனா ஒரு நேரத்துல ஒண்ணத்தான் கவனிக்கும்" என்று நெருங்கிய சொந்தக்காரரைக் குறை சொல்கிற தொனியில் சொல்வார்.

கடைக்குப் பின்னால் பூசாத செங்கல் சுவர் ஒன்று இருக்கிறது. எந்த லென்ஸ் வந்தாலும் முதலில் அந்தச் சுவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுவேலை. மூலைவரை செங்கல் கோடு நேராக வருகிறதா, ஓரம் குழைகிறதா என்று அதில் தெரிந்துவிடும். எடுத்த படங்களை லென்ஸ்வாரியாகப் பிரித்துக் கடைக் கம்ப்யூட்டரில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார். விரிசலில் செடி முளைத்தது, அதை யாரோ பிடுங்கியது, மழைக்காலத்தில் பாசி ஏறியது, வெயிலில் அது கருகி உதிர்ந்தது எல்லாம் அங்கே இருக்கின்றன. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இத்தனை அக்கறையாக எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

சுவர் முடிந்தால் முகம். சுவர் மூச்சு விடாது, இமைக்காது. அதை மட்டும் நம்பி ஒரு லென்ஸுக்குச் சான்று கொடுக்க அவருக்கு மனம் வராது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போது லென்ஸையும் கேமராவையும் பையில் போட்டுக்கொள்வார். வீட்டில் அவரும் அக்காவும்தான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் வெயில் எட்டிப் பார்க்காத ஒரு மூலை. அதில் ஒரு பிரம்பு நாற்காலி. இலையோ தட்டோ வைப்பதற்கு முன்னால் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்காருவாள். உட்கார்ந்தால் சிலைதான். அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் முதுகு நிமிர்த்தி வாழ்நாளைக் கழித்தவள். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தார், அல்லது படிக்காமல் ஊர் சுற்றினார்; அவர் கழுத்தில் முதல் கேமராவை மாட்டிவிட்டதும் அவள்தான்.

"எப்படிடா வந்திருக்கேன்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"ஓரம் கொஞ்சம் சாஃப்ட்" என்பார் இவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வயசாயிடுச்சுல்ல" என்று அவள் சிரித்துக்கொண்டே சோறு போடப் போவாள். இவர் அந்த நேரத்தில் படத்தைப் பெரிதாக்கி, இடது கண் இமை மயிரைப் பார்ப்பார். லென்ஸ் பண்ணுகிற கோளாறாகக் காதோரம் ஊதா நிறக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார். பின்னால் தொங்கும் காலண்டரின் எழுத்து எப்படிக் கரைகிறது என்று பார்ப்பார். பார்த்து முடித்ததும் கட்டைவிரல் தானாகக் குப்பைத்தொட்டிப் பொத்தானுக்குப் போகும். ஒரு அழுத்து, 'நிச்சயமா?' என்று கேமரா கேட்டால் இன்னொரு அழுத்து. சுவர்ப் படம் வாடிக்கையாளருக்குக் காட்ட உதவும். அக்கா படத்தை யாருக்குக் காட்டுவது? அடுத்த லென்ஸ் வந்தால் அடுத்த மத்தியானம் அவள் அதே நாற்காலியில் உட்காரத்தான் போகிறாள். அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இப்போது அக்காவுக்குத் தலை ஆடுகிறது. முதலில் விரல்களில் வந்தது, பிறகு கைக்கு ஏறி, கழுத்துக்குப் போய்விட்டது. ஆமாம் ஆமாம் என்று யாருக்கோ சொல்வதுபோலத் தலை முன்னும் பின்னுமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. குறையுமா என்று கேட்டதற்கு, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்; அதுவும் கொஞ்ச நாளைக்கு என்றார். "இத்தனை வருஷமா எல்லாத்துக்கும் மாட்டேன்னேன். இப்ப எல்லாத்துக்கும் ஆமாம் போடறேன் பாரு" என்று அவளே கிண்டலடிப்பாள். கூடவே கண்ணும் சுணங்கிவிட்டது. சுள்ளென்ற வெளிச்சம் பட்டால் தலையைப் பிளக்கிற வலி வருகிறது. ஜன்னலுக்கு எப்போதும் கனத்த திரைதான். ஃபிளாஷ் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இந்த நிலையில்தான் அவளுடைய பழைய அலுவலகத்துத் தோழிகள், ஒன்றாக வேலை பார்த்தவர்கள் எல்லோருடைய படத்தையும் சேர்த்து ஓர் ஆல்பம் போடப் போவதாகச் சொன்னார்கள். ஆட்டம் வருவதற்கு முந்தின முகம் ஒன்று வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். "நீதான் வருஷக்கணக்கா எடுத்தியே. அதுல நல்லதா ஒண்ணு பொறுக்கிக் குடு" என்றாள் தம்பியிடம்.

அன்றைக்கு இருட்டண்ணன் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தார். சுவர் வந்தது. சுவர், சுவர், செடி முளைத்த சுவர். வீட்டில் பெட்டியில் கிடந்த பழைய மெமரி கார்டுகளையெல்லாம் போட்டுப் பார்த்தார். பாட்டில் வரிசை, செய்தித்தாள் எழுத்து, மறுபடியும் சுவர். ஃபிலிம் ரோல் போட்ட காலத்துப் படமாவது இருக்குமா என்றால், வீட்டு ஆளுக்கு எதற்கு வீணாக ரோல் என்று அப்போதும் கை வரவில்லை. அவளுடைய அலுவலக அடையாள அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் இருந்தது. அதை எடுத்தவர் யாரோ. பெற்றவர்கள் போன பிறகு தன்னை ஆளாக்கினவளின் முகத்துக்கு ஊர் பேர் தெரியாத ஒருவர் எடுத்த படம்தான் சாட்சி என்று நினைத்தபோது அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அழுகைகூட வந்தது, பின்கட்டு அறைக்குப் போய் அதை முடித்துவிட்டு வந்தார்.

வீட்டில் "தேடிட்டிருக்கேன்க்கா, கிடைச்சிடும்" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். நம்பி ஆட்டினாளா, நோய் ஆட்டியதா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

அதன் பிறகு கடைக்கு வருகிற ஒவ்வொரு பெரிய வாய் லென்ஸையும் அவர் ஆவலாகப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால் போதும். இரண்டு கண்ணும் தெளிவாக, ஆட்டமே இல்லாத முகமாக ஒன்று. நோய் முற்றுவதற்குள் அது வேண்டும். ஆனால் தொழில் தெரிந்த மனுஷனுக்கு அந்தத் தொழிலே எதிரியாக வந்து நின்றது. வாயை முழுதாகத் திறந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் படம் விழும், ஆட்டம் உறைந்துவிடும். ஆனால் அந்த வெங்காயத் தோலுக்கு முன்னேயும் பின்னேயும் அக்காவின் முகம் போய்ப் போய் வரும். மூக்கு தெளியும், காது தெளியும், கண் மட்டும் தெளியாது. வாயைக் குறுக்கினால் முகம் முழுவதும் தெளிவுக்குள் வரும். ஆனால் அந்த இருட்டில் வெளிச்சம் போதாமல் படம் விழ நேரமாகும், அதற்குள் முகம் குழம்பிவிடும். கேமராவில் இருக்கிற மற்ற வித்தைகளைச் செய்து பார்த்தால் முகமெல்லாம் மணல் தூவினதுபோல வருகிறது. முன்பு சிலையாக உட்கார்ந்திருந்தவளை எந்த ஓட்டை லென்ஸாலும் எடுத்திருக்கலாம். கடை மேசையில் கிடக்கிற மட்டமான ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

போன வாரம், கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற ஒருவர் தொழிலை விட்டுவிட்டுத் தன் லென்ஸைக் கொண்டுவந்து வைத்தார். குண்டுச் சட்டி மாதிரி கனம். இதுவரை கடை காணாத அளவுக்கு அகலமான வாய். முதலாளி தொட்டுப் பார்ப்பதற்குள் இருட்டண்ணன் அதைப் பையில் போட்டுக்கொண்டார். சுவருக்குக்கூடக் காட்டவில்லை. மத்தியானம் வீட்டில் அக்கா திரை போட்ட அறையில், அதே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் எடுத்தார், பார்த்தார், எடுத்தார். புருவம் கிடைத்தது. காதில் போட்டிருந்த கல் அற்புதமாகக் கிடைத்தது.

"பழைய படம் இன்னும் கிடைக்கலையா?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்குக்கா. ஏதோ ஒரு கார்டுல இருக்கணும்."

"இருக்காதுடா. எனக்குத் தெரியும்."

அவர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான் டைப் அடிச்சவ. எந்த விரல் எந்த பட்டனுக்குப் போகுதுன்னு கவனிக்காம இருப்பேனா? எடுத்து முடிச்சதும் உன் கட்டைவிரல் ரெண்டு தடவை அழுத்தும். அதுல ஒரு குப்பைத்தொட்டி படம் வேற போட்டிருக்கு."

"தெரிஞ்சும் ஏன்க்கா கேட்டே?"

"ஒண்ணாவது தப்பிச்சிருக்குமோன்னு ஒரு ஆசை."

"தெரிஞ்சும் ஏன்க்கா வந்து உட்கார்ந்தே, ஒவ்வொரு தடவையும்?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "நீ கடைக்குப் போனா கடை, வீட்டுக்கு வந்தா சாப்பாடு, தூக்கம். அந்த நேரம்தான் நீ என்னை நின்னு பாப்ப. அதான்."

அந்த நேரத்திலும் தான் பார்த்தது இமை மயிரையும் காலண்டர் எழுத்தையும்தான் என்று இருட்டண்ணன் சொல்லவில்லை. ஒரு மனுஷியை எதிரே உட்கார்த்தி வைத்துவிட்டு, அவளைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்திருக்கிறார். "மன்னிச்சிடுக்கா" என்றார்.

"சரி, இப்ப எடு. நான் புடிச்சுக்கறேன்" என்றாள் அக்கா. நடுங்குகிற இரண்டு கைகளையும் தூக்கி, இரண்டு கன்னத்திலும் அழுத்தமாக வைத்துக்கொண்டாள். முழங்கைகளை நாற்காலிக் கைகளில் ஊன்றினாள். தலை நின்றது. முழுதாக நின்றுவிடவில்லை, ஆனால் அவ்வளவு நாளாக நிற்காதது கொஞ்சம் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் இரண்டடி கிட்டப் போய் அழுத்தினார்.

திரையில் படம் வந்தது. முன்னால் இருப்பதைப் பிடித்துக்கொள்வது லென்ஸின் சுபாவம். கன்னத்தை அழுத்திய விரல்கள் ரேகை ரேகையாக வந்திருந்தன. தட்டித் தட்டி நுனி தட்டையாகிப்போன விரல்கள், கொஞ்சம் கோணலான நகங்கள், முட்டிகளில் விழுந்த சுருக்கங்கள் அத்தனையும். விரல்களுக்குப் பின்னால், வெங்காயத் தோலுக்கு அந்தப் பக்கம், கண்கள் இரண்டும் மங்கலாகச் சிரித்துக்கொண்டிருந்தன. தேறாது என்று அவர் கண் சொன்னது. கட்டைவிரல் தானாக நகர்ந்தது.

அக்கா கைகளை இறக்கிவிட்டாள். தலை மறுபடி ஆட ஆரம்பித்தது. படம் எப்படி வந்திருக்கிறது என்று இந்த முறை அவள் கேட்கவில்லை. அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டண்ணன் அந்த விரலை உள்ளே மடக்கி மற்ற நான்கு விரல்களாலும் இறுக்கி மூடிக்கொண்டு, இன்னொரு கையால் கேமராவை அவள் மடியில் வைத்தார்.