அம்மான் சொன்ன ஆல்ரைட்

காலை ஆறு மணி பத்து நிமிடம். அம்மான் எங்கள் வீட்டு நிலைவாசலைத் தாண்டி உள்ளே வந்தபோது நான் முதலில் பார்த்தது அவர் கையிலிருந்த வெள்ளைத் துணிமூட்டை. அதன் முடிச்சுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு அரக்குச் சிவப்பு தெரிந்தது. அம்மான் வெள்ளை வேட்டி தவிர வேறெதுவும் உடுத்துபவர் அல்ல.

அம்மான் என் தாயின் தம்பி. கீழச்சிவல்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. ரங்கூனில் ஒரு வட்டிக்கடைக்கு ஏஜெண்டாக இருந்தார். மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே என்பது எங்கள் பக்கத்து ஆண்களின் வாழ்க்கை. கப்பலைப் பிடிக்க அவர் வெள்ளிக்கிழமை கிளம்பியாக வேண்டும். ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரமோ செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. இப்படி அமைந்துவிட்டால், பயணத்துக்கான துணிகளில் கொஞ்சத்தை மூட்டை கட்டி, அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். மூட்டை வாசலைத் தாண்டிவிட்டால் அதற்குரியவர் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. பயணத்தன்று வரை அதைப் பிரிக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் வந்த வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் கூடாது.

என் ஆத்தா மூட்டையை வாங்கி இரண்டாம் கட்டு அறையில் ஒரு பலகை மேல் வைத்தார். அம்மான் “ஆல்ரைட்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்.

ரங்கூனிலிருந்து அவர் கொண்டுவந்த பிஸ்கட் டின்களும் பீங்கான் கிண்ணங்களும் ஒரு மாதத்தில் உறவுக்காரர்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. தீராமல் இருந்தது இந்தச் சொல்தான். இலையில் சோறு போதுமா என்று கேட்டால் ஆல்ரைட். வாசலில் யாசகம் கேட்டு நிற்பவரிடம் இரண்டு முறை, ஆல்ரைட், ஆல்ரைட். அதற்குப் போகலாம் என்று பொருள். தச்சர் புதுக் கதவைக் காட்டியபோது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஆல்ரைட் என்றார். அன்று மாலை தச்சர் கதவைக் கழற்றி எடுத்துப் போனார். பங்காளி வீட்டில் ஒருவர் இறந்துபோன செய்தி வந்தபோதும் அதையே சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவருடைய வண்டிக்காரர் மாடுகளை நிறுத்துவதற்கு அந்தச் சொல்லைப் பழக்கியிருந்தார். காரைக்குடிச் சந்தையில் யாரோ ஒருவர் எதற்கோ ஆல்ரைட் என்று சொல்லப்போக, மாடுகள் நட்டநடுவில் நின்றுவிட்டன என்று ஊரில் சிரித்தார்கள்.

எனக்குப் பத்து வயது. பெண்பிள்ளைகளுக்கென்று புதிதாகத் தொடங்கியிருந்த சிறிய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் முதல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, அம்மான் எந்த இடத்தில் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எழுதி வந்தேன். சம்மதம், போதும், போ, பிடிக்கவில்லை, கேட்டுக்கொண்டேன் என்று ஐந்து பத்திகள். பெரிய ஆராய்ச்சி செய்வதாக எண்ணம்.

அந்த நோட்டைப் பற்றித் தெரிந்திருந்தவர் அயித்தை ஒருவர்தான். அம்மானின் மனைவி. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஒரு மத்தியானம் முற்றத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டே, தன்னையும் ரங்கூனுக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி முதல்நாள் அம்மானிடம் கேட்டதாகச் சொன்னார். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்போது கடல் தாண்டுவதில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இருவரும் சேர்ந்திருந்தது பதினாலு மாதம் என்றும், பிள்ளை இல்லை என்பதால் சுவீகாரம் எடுக்கலாமா என்று பெரியவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்றும் சொன்னார். கேட்டதற்கு அம்மான் என்ன சொன்னார் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஏத்தா, அதுக்கு உங்க டீச்சரம்மா என்ன அர்த்தம் சொன்னாக?”

“எல்லாம் சரின்னு அர்த்தம் அயித்தை.”

“எல்லாமுமா?”

“ஆமா. எல்லாமும்.”

“அப்ப ஒண்ணுமில்லேன்னுதான் அர்த்தம்” என்று சொல்லிவிட்டு, காக்கையை விரட்ட எழுந்துபோனார்.

அவர் இங்கிலீஷ் படிக்காதவர், அதனால் புரியவில்லை என்று நினைத்தேன். அம்மானின் அந்த ஆல்ரைட்டைச் சம்மதம் என்ற பத்தியில் எழுதிக்கொண்டேன்.

மூட்டை வந்த அன்று மத்தியானம் ஆத்தா அறையைப் பெருக்கப் போனார். நானும் பின்னால் போனேன். முடிச்சுக்குக் கீழே தெரிந்த சிவப்பை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது அயித்தையின் கண்டாங்கிப் புடவை என்று எங்கள் இருவருக்கும் தெரியும், கார்த்திகைக்குக் கட்டியிருந்தார். ஆத்தா ஆள்காட்டி விரலால் அதை மெல்ல உள்ளே தள்ளினார்.

“பாத்ததைப் பாத்ததோட விட்டுரு” என்றார் என்னிடம்.

மூன்று நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் முதலில் எட்டிப்பார்த்தது அந்த அறையைத்தான். மூட்டைக்குள் துணி வைத்தவர் புறப்பட்டாயிற்று என்றால் அயித்தையும் புறப்பட்டாயிற்று. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. காரைக்குடிக்கு ரயில் வராத காலம். வாசலில் ஆண்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அம்மான் தன் வீட்டில் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அயித்தை கொல்லைப்புறமாக வந்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றார். பிள்ளையார்பட்டியிலிருந்து வந்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தை ஆத்தா தம்பியிடம் கொடுத்தார். அதை மூட்டைக்குள் வைப்பதற்காக அம்மான் முடிச்சை அவிழ்த்தார்.

வேட்டிக்கு மேல் புடவை இருந்தது. நாலாக மடித்து, கரை வெளியே தெரியும்படி.

ஆத்தா விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே டிரைவர் ரப்பர் ஹாரனை இரண்டு முறை அமுக்கினார். அம்மான் புடவையைத் தொடவில்லை. பொட்டலத்தை அதன் மேல் வைத்தார். முன்பு இருந்ததைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டார். பிறகு அடுப்படிக் கதவின் பக்கம் திரும்பினார்.

“ஆல்ரைட்.”

குரல் மிகவும் தணிந்திருந்தது. அந்தக் குரலில் அவர் அதைச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே போய்க் காரில் ஏறினார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். “புடவையை எடுத்துக்கிட்டாக அயித்தை. சரின்னுட்டாக. நீங்களும் கெளம்புங்க” என்றேன்.

அயித்தை அசையவில்லை. தெருவில் கார்ச் சத்தம் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தார்.

“அந்தப் புடவையாவது போகட்டும்த்தா” என்றார். பிறகு, அம்மான் சற்றுமுன் சொன்னதை நோட்டில் எழுதினேனா என்று கேட்டார். அவர் எதிரிலேயே சம்மதப் பத்தியில் எழுதினேன். அவர் அதைத் திருத்தவில்லை.

அயித்தையை அழைத்துப்போகத் தனியாக ஒரு கார் வரும் என்று வெகுநாள் எதிர்பார்த்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். ரங்கூனில் வீடு பார்த்ததும் கடிதம் வரும், அதுதான் தாமதம் என்று அவர்களுக்கு விளக்கம் கொடுத்தேன். அயித்தை ஏன் பெட்டி கட்டவில்லை என்று எனக்குப் புரியவில்லை. போக முடியாது என்று தெரிந்தே ஒருவர் தன் புடவையை மூட்டையில் வைப்பார் என்பதும், கூட்டிப்போக முடியாது என்று தெரிந்தே இன்னொருவர் அதைச் சுமந்து போவார் என்பதும் என் ஐந்து பத்திகளில் எதிலும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து அம்மான் திரும்பியபோது புடவையும் வந்தது, அதே மடிப்பில். அடுத்த பயணத்துக்கும் பரஸ்தானம் வைத்தார்கள். மூட்டையை அயித்தைதான் கட்டினார்.

அந்தப் புடவை மூன்று முறை ரங்கூன் போய் வந்தது. அயித்தை கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில், ஒரு தை அமாவாசை அன்று.