காது என்று பெயர் வாங்கியவர்

நூல் மில்லில் என் அத்தானுக்குக் ‘காது’ என்று பெயர். அங்கே அவர் ஃபிட்டர், இருபத்தெட்டு வருட சர்வீஸ். மெஷின் மக்கர் பண்ணினால் மற்ற ஃபிட்டர்கள் மூடியைக் கழற்றிப் பார்ப்பார்கள். இவர் கழற்ற மாட்டார். முழ நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் நுனியை மெஷின் மேல் ஊன்றி, பிடியைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிடத்தில் “மூணாவது பேரிங்” என்பார். கழற்றினால் மூன்றாவது பேரிங்தான் தேய்ந்திருக்கும். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நான் அவருடைய மச்சினன், கண்ணாடிக் கடைக்காரன். தினமும் இருபது முப்பது பேரை எதிரில் உட்கார வைத்து, “இந்த எழுத்து தெரியுதா, அது தெரியுதா” என்று கேட்பதுதான் என் பிழைப்பு. இரண்டு வருடமாக எனக்கு அத்தானைக் கண்டாலே ஆகாது. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூருக்குக் கிளம்பிய காலை அது. அக்கா சமையலறையில் இருந்தாள். பெண் ஹாலில் பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், வாசற்கதவைப் பிடித்தபடி அத்தான். தண்ணீர் பாட்டிலோடு நான். அவள் திரும்பாமலேயே பேசினாள். திரும்பினால் அழுதுவிடுவாள் என்று எனக்கே தெரிந்தது.

“அப்பா, எனக்குப் போகப் பிடிக்கல. போகாதேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கேயே ஏதாவது வேலை பாத்துக்கறேன்.”

அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரி சரி, நேரமாச்சு. கிளம்பு.”

அவள் எழுந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாட்டிலை அவர் மண்டையிலேயே போட்டிருப்பேன். பெற்ற பெண் அத்தனை கெஞ்சியும் மனம் இளகாத ஆள் என்று அன்றைக்கு முடிவு கட்டியவன்தான். அக்காவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

அதன் பிறகு பெண் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவின் பட்டன் போனுக்குக் கூப்பிடுவாள். முதலில் கொஞ்ச நாள், “அப்பாகிட்ட குடும்மா” என்று கேட்டாள். இவர் போனை வாங்கவே மாட்டார். மணி அடித்தாலே தண்ணீர் டேங்கைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். “அந்த டேங்க்ல முதலையா வளர்க்கறீங்க?” என்று அக்கா கத்துவாள். மூன்று மாதத்தில் பெண் அவரைக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

போன மாதம் அவளுடைய கம்பெனியில் வெளிநாட்டுக் கிளைக்கு வரச் சொன்னார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கலாம், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். “அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளேன்” என்று அக்கா சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

“அவர்கிட்ட கேக்க என்னம்மா இருக்கு? அவர் பதில் எனக்குத்தான் தெரியுமே” என்றாளாம்.

வீடு இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் அத்தான் வயலின் கற்றுக்கொள்ளப் போனார். ஐம்பத்து மூன்று வயதில்! மகள் பள்ளிக்கூட நாளில் வாசித்த வயலின் பீரோவின் மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, தளர்ந்துபோன கம்பிகளை முறுக்கி, சனிக்கிழமை சாயங்கால வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் அவர் சாதகம் பண்ணுவதைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். வில் கம்பியில் பட்டதும் எண்ணெய் காணாத கதவு திறக்கிற மாதிரி ஒரு கிறீச். அதையே நாற்பது தடவை, ஐம்பது தடவை. அக்கா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு காய் நறுக்குவாள். மேல் வீட்டுக்காரர் படியிறங்கும்போது வேண்டுமென்றே இருமுவார். இவரோ வயலினைத் தாடையால் இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, சிரித்தபடி இழுத்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

“பொண்ணு நாட்டை விட்டே போறா. இந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். புத்தி கித்தி பிசகிடுச்சாடா? நீ போய் அந்த கிளாஸ்ல என்னதான் நடக்குதுன்னு பாத்துட்டு வா” என்று அக்கா என்னைத் துரத்தினாள்.

டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. ரப்பர் வாடை படியேறி வந்து அங்கேயே குடியிருந்தது. நாலு பள்ளிக்கூடப் பெண்கள், பேங்க் கேஷியர் அம்மா ஒருவர், அத்தான். இவ்வளவுதான் வகுப்பு. டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். விரல் வைக்க வேண்டிய இடங்களில் வண்ண டேப் ஒட்டியிருந்தார். நான் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அத்தான் முன் வரிசை. டீச்சர் வாயையும் விரலையும் விட்டு அவர் கண் நகரவில்லை. மகளிடம் காட்டாத கவனத்தை இங்கே வந்து காட்டுகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

எல்லோரும் சேர்ந்து ஒரு சின்னப் பாடத்தை வாசிக்க ஆரம்பித்தார்கள். பாதியில் யாரோ ஒரு பெண்ணின் விரல் தப்பிவிட்டது போலிருக்கிறது. டீச்சர் உள்ளங்கையை விரித்து மேலே தூக்கினார். எல்லா வில்லும் சட்டென்று நின்றன. அத்தானின் வில் மட்டும் நிற்கவில்லை. நிற்காதது மட்டுமல்ல, டீச்சர் கையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இன்னும் வேகமாக இழுக்க ஆரம்பித்தார்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் அவருக்குப் பக்கவாட்டில் வந்து, “சார், நிறுத்துங்க” என்றார். பிறகு உரக்க, “சார்!” என்றார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தோளைத் தொட்டதும்தான் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். சுற்றி எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து முகம் கறுத்துவிட்டது.

“நீங்கதானே டீச்சர் ஓட்டச் சொன்னீங்க?” என்றார்.

ஓட்டச் சொன்னார்களா? எனக்குச் சட்டென்று மில் ஞாபகம் வந்தது. அத்தானுக்குச் சாப்பாடு கொடுக்க இரண்டொரு தடவை உள்ளே போயிருக்கிறேன். அந்த இரைச்சலில் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள், மிச்சமெல்லாம் கை ஜாடை. முஷ்டியை மடக்கினால் ‘நிறுத்து’. உள்ளங்கையை விரித்துத் தூக்கினால் ‘நிறுத்தாதே, ஓட்டு’. சரி, கையைத் தப்பாகப் புரிந்துகொண்டார். ஆனால் காதுக்குப் பக்கத்தில் அத்தனை உரக்கக் கூப்பிட்டாரே?

வகுப்பு முடிந்து படியிறங்கினோம். அவர் முன்னால், நான் பின்னால். “அத்தான்” என்றேன். திரும்பவில்லை. “அத்தான், பர்ஸ் விழுந்துடுச்சு.” திரும்பவில்லை. அக்காவைப் பற்றிச் சொல்லக் கூடாத ஒரு பொய்யைச் சொன்னேன், நன்றாக உரக்கவே சொன்னேன். டயர் கடையில் வேலை பார்த்தவர் திடுக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தான் வயலின் பெட்டி கைப்பிடிக் கம்பியில் இடிக்காமல் பதவிசாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

கீழே வந்து திரும்பி, “டீ குடிக்கலாமா மச்சான்?” என்றார்.

நான் அவர் எதிரில் போய் நின்றேன். தொண்டையிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்.

“எத்தனை வருஷமா?”

“எது எத்தனை வருஷமா?”

மறுபடியும் உதட்டை மட்டும் அசைத்தேன். “காது கேக்காம எத்தனை வருஷமா?”

அத்தான் வயலின் பெட்டியைக் கீழே வைத்தார். “சத்தம் போட்டுத்தானே கேட்டே?” என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“ஆறு வருஷம். கொஞ்சம் கொஞ்சமா. இப்ப சுத்தமா போச்சு.”

மில்லில் வருடா வருடம் காது டெஸ்ட் உண்டு. டெஸ்ட் எடுக்கிறவரின் விரல் பட்டனை அழுத்துவதை ஓரக்கண்ணால் பார்த்துக் கை தூக்கிவிடுவாராம். தெரிந்தால் மெஷினை விட்டு எடுத்து குடோனில் போட்டுவிடுவார்கள். ‘காது’ என்று பெயர் வாங்கிவிட்டு எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்வரை பேரிங் சத்தம் தாடை வழியாக வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டில் அக்கா முகத்துக்கு நேரேதான் பேசுவாள், அதுவும் கத்தித்தான் பேசுவாள். போன் மணியும் கேட்காதே, மாடிக்கு எப்படி ஓடினீர்கள் என்று கேட்டேன். ஞாயிறு பத்து மணிக்கு அக்காவின் கை போனுக்குப் போவதைப் பார்த்தே ஓடியிருக்கிறார்.

“அப்ப இந்த வயலின்?”

“துடைக்கலாம்னு இறக்கினேன். எங்க ஆடுதுன்னு பாக்க தாடையில வச்சுத் தட்டினேன், பழக்கம் பாரு. கேட்டுச்சுடா! மெல்லிசு கம்பி கூட கேட்டுச்சு. அவ ஸ்கூல் படிக்கறப்ப வாசிப்பாளே, அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு மறந்தே போச்சு. நாமளே வாசிச்சா ஞாபகம் வரும்னு பாத்தேன்.”

இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்த எனக்கு இது தெரியவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பாரம் ஒன்று என்னிடம்தான் இருந்தது. சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னால் மனுஷன் தாங்குவாரா என்றும் தெரியவில்லை. அன்றைக்குக் காலையில் அவள் பெட்டிமேல் குனிந்தபடி என்ன கேட்டாள் என்பதை ஒவ்வொரு வார்த்தையாக, அவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிதானமாகச் சொன்னேன்.

“அதுக்கு நான் என்ன சொன்னேன்?” என்றார்.

“சரி சரி, நேரமாச்சு. கிளம்புன்னீங்க.”

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “அவ தலை அசையறதைப் பாத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சான்னு கேக்கறாள்னு நினைச்சேன்டா.” அதையே மறுபடி மறுபடி சொன்னார். “பஸ்ஸுக்கு நேரமாச்சான்னுதான்டா நினைச்சேன்.”

மறுநாள் ஞாயிறு. அக்காவிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. இரவெல்லாம் திட்டினாளாம், அவரைக் கொஞ்சம், தன்னை நிறைய. பத்து மணிக்குப் போன் அடித்தது. அத்தான் மாடிக்குப் போகவில்லை. வயலினைத் தாடைக்கடியில் வைத்து இறுக்கிக்கொண்டு, “போனை இது மேல வை. ஸ்பீக்கர் மரத்துல படணும்” என்றார். அக்கா லவுட் ஸ்பீக்கரைப் போட்டு, வயலினின் வயிற்றில் போனை அழுத்திப் பிடித்தாள்.

“அம்மா?” என்றது போன்.

அத்தானின் கண் விரிந்தது. “அவதான்” என்றார் என்னிடம். பிறகு போனைப் பார்த்து, மில்லில் பேசுகிற மாதிரி கத்தினார். “அம்மாடி, அப்பா பேசறேன். நீ பேசறது எனக்குப் புரியாது, குரல் மட்டும்தான் வருது. எனக்குக் காது போய் ஆறு வருஷம் ஆச்சு. அன்னைக்கு நீ கேட்டது எனக்குக் கேக்கல. நேத்துதான் மாமா சொன்னான். போகாதம்மா. அப்ப சொல்ல வேண்டியதை இப்ப சொல்றேன். போகாத.”

பிறகு அவள் பேசினாள். அத்தான் என் உதட்டைப் பார்த்தார். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஏற்கெனவே ஒரு பதில் மாறிப்போய்த்தான் இத்தனையும் நடந்தது. உள்ளதையே சொன்னேன்.

“வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டாளாம் அத்தான். இனிமே மாத்த முடியாதாம்.”

அவர் தாடையை வயலினிலிருந்து எடுக்கவில்லை.

“அழறா” என்றார். “அது எனக்கே கேக்குது.”

“போறதுக்கு முன்னாடி வரேன்னு சொல்லுங்க மாமா. எதிர்ல உக்காந்து பேசறேன்னு சொல்லுங்க” என்றாள் அவள். நான் அதையும் உதட்டில் சொன்னேன். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. போன் சும்மா இருந்தது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே போனை எடுக்கப் போனாள்.

அத்தான் வலது கையைத் தூக்கினார். உள்ளங்கையை விரித்து, அந்தச் சின்னப் போனுக்கு நேராகக் காட்டினார். அவளுக்கு அது எப்படித் தெரியும்?

நான்தான் குனிந்து சொன்னேன். “அப்பா நிறுத்தாதேங்கறார்மா. ஏதாவது பேசு. எதுவா இருந்தாலும் பரவால்ல, பேசிக்கிட்டே இரு.”