காதுக்குப் பதிலாக ஒரு முள்

ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குக் கண்ணாயிரம் மறுபடியும் சாவியைத் திருகினார். இரும்பு இரும்பைக் கடித்துத் துப்புவது போல ஒரு சத்தம் கிளம்பியது. வேனில் இருந்த பதின்மூன்று பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். அவருக்கு மட்டும் அது கேட்கவில்லை. பாதத்துக்கடியில் ஒரு நடுக்கம் ஓடியது. கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், எல்லார் முகமும் பல் கூசியது போலச் சுளித்திருந்தது.

"அண்ணா, வண்டி ஏற்கெனவே ஓடிட்டுத்தானே இருக்கு?" என்றாள் முன் சீட்டில் இருந்த ஹரிப்ரியா.

"சாவி லூசா கீது மேடம்," என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார். 

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில், இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஜூன் மாதம் நடந்தது இது. கேட் மூடியிருக்கும்போது எஞ்சினை அணைப்பது அவர் வழக்கம். அன்றைக்கு அணைக்க மறந்திருந்தார். மறந்ததுகூடப் பெரிதில்லை. ஒரு டீசல் எஞ்சின் முழங்கைக்குப் பக்கத்தில் தடதடவென்று ஓடும்போது, அது ஓடவில்லை என்று நினைத்தாரே, அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

கண்ணாயிரத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பாலூர்ப் பக்கத்தில் நிலம் வைத்துப் பிழைத்த குடும்பம். பதினேழு வயதில் டிராக்டரில் ஏறியவர் அதன்பிறகு ஸ்டியரிங்கை விடவே இல்லை. பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டினார். தொண்ணூற்று நான்கில், எட்டு வருஷம் ஓடிய டீசல் வேன் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். காலையில் சிங்கப்பெருமாள் கோயிலிலும் செங்கல்பட்டிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைப் பக்கத்து ஆராய்ச்சி ஆபீஸ் வாசலில் இறக்குவார். பகலெல்லாம் மாமல்லபுரம் வேன் ஸ்டாண்டில் கிடப்பார். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட ஆபீசுக்கு லேட்டானதில்லை.

அந்த வேனில் எஞ்சின் டிரைவருக்கு இடது பக்கத்திலேயே ஒரு தகர மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். வேகம் காட்ட ஒரு மீட்டர், சூடு காட்ட ஒன்று, டீசல் காட்ட ஒன்று, அவ்வளவுதான். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் கிடையாது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. எஞ்சின் முனகினால் கியரைக் குறைக்கணும், கத்தினால் கூட்டணும். அதைக் காது சொல்லும், கை செய்யும். நடுவில் மூளைக்கு வேலையே இல்லை.

இப்போது காது சொல்வதை நிறுத்திவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துப் பரிசோதனை செய்தார்கள். இடது காது முக்கால்வாசி போய்விட்டது, வலது பாதிதான் என்றார் டாக்டர். "அந்த எஞ்சின் பக்கத்துல உட்கார்றத விடணும். இருக்கிறதையாவது காப்பாத்திக்கலாம்," என்று அவர் சத்தமாகச் சொன்னது நன்றாகவே கேட்டது. வீட்டுக்கு வந்து மனைவி சின்னப்பொண்ணுவிடம், "அழுக்கு அடைச்சிகினு கீதாம்," என்றார்.

சின்னப்பொண்ணு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். முந்நூறு பிள்ளைகளின் பொய்யைப் பார்த்தவள்.

"அழுக்கா? அதான் டிவிய ஊரே கேக்குறாப்புல வச்சினுகீறியா?" என்றாள்.  கேட்காதது போல இருந்துவிடுவது இப்போது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு ஒரு இடத்தில் அவரால் உட்கார முடியவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து போய் வேனைச் சுற்றி வருவார். எதற்கென்று கேட்டால் டயரை உதைத்துக் காட்டுவார். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்காதே என்று பெரிய கண்ணாடியாக வாங்கி இரண்டு பக்கமும் மாட்டினார். கியரை எப்போது மாற்றுவது என்பதற்குத்தான் வழி தெரியவில்லை. பாதத்தால் அதிர்வைப் பிடிக்கப் பார்த்தார். ரோடு மோசமான இடத்தில் எது ரோடு, எது எஞ்சின் என்று புரியவில்லை. கிளட்ச் பிளேட் இரண்டே மாதத்தில் தேய்ந்தது. "அண்ணா, இன்னும் செகண்ட்லயே போறோம்," என்று ஹரிப்ரியா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். அவள் காரைக்குடிக்காரி, அந்த ஆபீசில் மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. அவள் கண்ணுக்குத் தப்புவது கஷ்டம்.

மாமல்லபுரம் ஸ்டாண்டில் ஜெகதீசன் என்று ஒரு டூரிஸ்ட் கார் டிரைவர். அவன் ஓட்டிய புதுக் காரில் வேக மீட்டருக்குப் பக்கத்தில், எஞ்சின் சுற்றைக் காட்டும் இன்னொரு வட்டம் இருந்தது. ஜெகதீசன் ஆக்சிலேட்டரை மிதிக்க, முள் எழுந்தது; விட, இறங்கியது. கண்ணாயிரம் ஜன்னலில் தலையை விட்டுக்கொண்டு அதையே பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, ஆர்பிஎம் மீட்டர் பார்த்ததே இல்லியா?"

"இன்னொரு தபா மிதி," என்றார் அவர். சத்தத்தைக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது.

அந்த வாரமே செங்கல்பட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஏசுதாஸ் கடையில் போய் நின்றார். ஏசுதாஸ் முதலில் சிரித்தார். பிறகு, எங்கேயோ பழைய காரில் கழற்றி வைத்திருந்த ஒரு மீட்டரைத் தூசி தட்டி எடுத்துவந்து புரட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"இது பெட்ரோல் வண்டிது அண்ணாத்த. அதுல காயில் கீது, பிளக் கீது, பொறி அடிக்கிறத எண்ணி முள்ளு காட்டும். உன் டீசல்ல பொறியே கெடையாது. எதை எண்றது?"

"அப்போ வழியே இல்லியா?"

"கீது. எஞ்சின் சுத்தும்போது பெல்ட்டு, பேட்டரிக்குக் கரண்டு குடுக்குற ஆல்டர்னேட்டரையும் சேத்துதான சுத்துது? உள்ள கரண்டு அலையடிக்கும். அதை எண்ற மீட்டரு தனியா வருது. மெட்ராஸ்ல தேடணும்."

புதுப்பேட்டையில் தேடி ஒரு மீட்டர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஏசுதாஸ் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, பிரித்து, உள்ளே இருந்த செம்புச் சுருளின் ஒரு முனையில் ஒயர் வைத்துச் சால்டர் அடித்தார். ஆல்டர்னேட்டரின் உடம்பில் சின்னத் துளை போட்டு, ஒயர் உரசி அறுந்துவிடாமல் ரப்பர் வளையம் சொருகி வெளியே எடுத்தார். அந்த ஒயர் மீட்டருக்குப் போனது. பேட்டரிக்கு ஒன்று, வண்டி பாடிக்கு ஒன்று. டேஷ்போர்டில் இடமில்லாததால் ஒரு தகரப் பட்டையை வளைத்து மேலே பொருத்தினார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முள் விருட்டென்று எழுந்து நின்றது. கண்ணாயிரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாயிரத்து நானூற்றில் கியரை மாற்று என்று சொல்லி, மீட்டர் கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தார் ஏசுதாஸ்.

மறுநாள் காலை முள் சிவப்பைத் தொட்டபோதெல்லாம் அவர் கியரை மாற்றினார். வண்டி சளி பிடித்த கிழம் போல உதறியது. திருக்கழுக்குன்றத்து மேட்டில் ஏற மாட்டேன் என்று நடுங்கி நின்றுவிட்டது. மூன்று நாள் இப்படி. எஞ்சினுக்கே வினை வந்துவிட்டதா, மீட்டர் பொய் சொல்கிறதா? முன்பென்றால் காதைக் கேட்டிருப்பார். இப்போது கேட்க யாரும் இல்லை. தூக்கத்தில் கால் கிளட்சை மிதித்தது என்று சின்னப்பொண்ணு சொன்னாள்.

நான்காம் நாள் ஆபீஸ் வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகும் ஹரிப்ரியா இறங்கவில்லை.

"அண்ணா, வண்டி சும்மா நிக்கும்போதே இந்த மீட்டர் ஆயிரத்து ஐந்நூறு காட்டுது. அப்படி இருக்காது. டபுளா காட்டுதுன்னு நினைக்கிறேன். செட்டிங் தப்பு." அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, மெதுவாக, உதடு தெரியப் பேசினாள். எப்போதிருந்து இப்படிப் பேசுகிறாள் என்று யோசித்தபோது அவருக்குச் சுருக்கென்றது.

"மேடம்... உங்களுக்குத் தெரியுமா?"

"ரயில்வே கேட்ல இருந்தே தெரியும். வேற யார்கிட்டயும் சொல்லல. ஆனா நீங்க சொல்லணும் அண்ணா."

மீட்டரைப் பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏசுதாஸிடம் போனார் கண்ணாயிரம். கடைக்குப் பக்கத்தில் டீசல் பம்ப் ரிப்பேர் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் கையில் பிடித்து அளக்கும் மீட்டர் இருந்தது. சுற்றுகிற சக்கரத்தின் மையத்தில் அதன் ரப்பர் மூக்கை அழுத்திப் பார்த்தால், எழுநூற்று ஐம்பது. ஹரிப்ரியா சொன்னது சரிதான். ஏசுதாஸ் மீட்டரின் முதுகில் இருந்த சின்னத் திருகாணியைத் திருப்பித் திருப்பி, முள்ளை எழுநூற்று ஐம்பதில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அன்றிலிருந்து வண்டி எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. அவர்தான் சரியாக இல்லை. கண் சிவப்புப் பொட்டை விட்டு நகரமாட்டேன் என்றது. முள், ரோடு, கண்ணாடி, முள், ரோடு, கண்ணாடி என்று நாளெல்லாம் அலைந்து சாயங்காலம் தலை வலித்தது. காது இருந்தபோது கண் ரோட்டில் இருந்தது. இப்போது கண்ணே காதின் வேலையையும் செய்ய வேண்டியிருந்தது.

நவம்பரில் ஒரு மழைக் காலை. திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் போகிற ரோட்டில் ஒரு வளைவு. பக்கவாட்டுக் கண்ணாடிகளில் மழைத் தண்ணீர் வழிந்தது. முள் சிவப்பை நோக்கி ஏற, அதைப் பார்த்துக்கொண்டே ஒரு குழிக்காக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். அதே நேரம் வலப்பக்கத்தில் ஒரு பஸ் முந்திக்கொண்டு வந்தது. பெரிய கண்ணாடி படாரென்று உடைந்து பறந்ததை அவர் பார்த்தார். பஸ் பத்தடி தள்ளிக் குறுக்கே நின்றது. யாருக்கும் அடியில்லை. கண்டக்டர் மழையில் ஓடிவந்து ஜன்னலில் கத்தினார். கண்ணாயிரத்துக்குச் சத்தம் கேட்கவில்லை, வாய் தெரிந்தது.

"எவ்ளோ நேரமா ஹாரன் அடிச்சினு வரோம்! இன்னாயா, காது செவுடா?"

வேனில் இருந்தவர்கள் அவருக்காகச் சண்டைக்குக் கிளம்பினார்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் சுப்புராமன், ரிட்டயராக ஒரு வருஷம் இருப்பவர், குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார். "ஏழு வருஷமா எங்கள ஏத்திட்டுப் போறவருய்யா இவரு! மரியாதையாப் பேசு!"

அதைத்தான் கண்ணாயிரத்தால் தாங்க முடியவில்லை. எஞ்சினை அணைத்தார். எழுந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"உக்காருங்க சார். அவர் சொல்றது நெசம். எனக்குக் காது கேக்கல. ஜூன் மாசத்துலேர்ந்து உங்களாண்ட மறைச்சிட்டேன். ஹாரன் அடிச்சது எனக்குத் தெரியவே தெரியாது."

கண்டக்டர் பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தார். சுப்புராமன் குடையோடு உட்கார்ந்தார்.  மீதி தூரத்தை இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். ஹரிப்ரியா தன் பக்க ஜன்னலைத் திறந்து, நனைந்துகொண்டே பின்னால் பார்த்துச் சைகை காட்டிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சுப்புராமன் மட்டும், "எங்க வீட்டுல பேத்தி பிறந்து இருபது நாள் ஆச்சுங்க," என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று சாயங்காலம் ஜெகதீசன்தான் வேனை ஓட்டி வந்தான். அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்துக்கு அவனே டிரைவர் என்று முடிவானது. பதின்மூன்று பேரில் இரண்டு பேர் விலகினார்கள், மற்றவர்கள் இருந்தார்கள். பிழைப்பு ஓடியது. ஆனால் கண்ணாயிரம் வீட்டில் இருக்கவில்லை. காலையில் கிளம்பி வேனின் பின் சீட்டில் ஏறிக்கொள்வார். ஜெகதீசன் மீட்டரைத் திரும்பியே பார்க்கமாட்டான். இவர் பின்னாலிருந்து எக்கி எக்கிப் பார்ப்பார். முள் சிவப்பைத் தாண்டினால் தொடையில் தட்டிக்கொள்வார்.

"மாத்துப்பா! மாத்து!" என்று அவர் கத்துவது அவருக்குத் தவிர எல்லாருக்கும் கேட்டது.

ஒருநாள் மாமல்லபுரம் ஸ்டாண்டில், எல்லார் முன்னாலும், ஜெகதீசன் இறங்கிச் சாவியை அவர் கையில் வைத்தான்.

"ரொம்ப பேஜாரா கீது அண்ணாத்த. எனக்குக் காது நல்லா கேக்குது. நீயே ஓட்டிக்கோ."

சாவி சூடாக இருந்தது. கண்ணாயிரம் டிரைவர் சீட்டைப் பார்த்தார். திருவிடந்தை வரைக்கும் கடலோர ரோடு நேராகக் கிடந்தது. வண்டி காலியாக இருந்தது. ஒரே ஒரு தடவை போய்வந்தால் என்ன? கால் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டது. பிறகு சாவியை ஜெகதீசன் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, அதன்மேல் இரண்டு தட்டு தட்டினார்.

"நாளையிலேர்ந்து நான் வரல. ஆனா ஆயிலை மட்டும் பாத்து மாத்து, நைனா," என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பஸ்ஸில் பயணியாகப் போய் எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். கண்டக்டர் வாயசைத்தார். ஒன்றும் புரியவில்லை.

"எனக்குக் காது கேக்காதுப்பா. சத்தமா சொல்லு," என்றார்.

"எங்க போவணும் பெரியவரே?" என்று கண்டக்டர் குனிந்து உரக்கக் கேட்டார். அதில் கேலி இல்லை.

ஏசுதாஸ் கடைக்குப் பக்கத்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கினார். வேன்காரர்கள் அந்த மாதிரி மீட்டர் மாட்ட இப்போது அடிக்கடி வருகிறார்கள், கைக்கு ஆள் பற்றவில்லை என்று ஏசுதாஸ் போன வாரம் சொல்லியிருந்தார். அந்த வேலைதான் பிறகு ஐந்து வருஷம் அவருக்குக் கைகொடுத்தது. அன்றைக்கு அவருக்கு அது தெரியாது. ஜன்னல் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக, இருப்புக்கொள்ளாமல், டிரைவர் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் தன் இடது கையை மடியில் அடக்கிக்கொண்டு போனார்.