தேவசகாயம் இரண்டு தடவை பார்த்த படம்

சினிமாக் கொட்டகையில் வெள்ளைத் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து ஒரு முழுப் படத்தையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். ஆம்பூர்க் கொட்டகையில் அந்த இடம் சேரி ஜனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கிருந்து பார்த்தால் வலது இடதாகத் தெரியும். பிரெஞ்சுக்காரன் இடது கையால் கத்தி வீசுவான். அமெரிக்காக்காரன் இடது கையால் ரொட்டி தின்பான். “சீமையில எல்லாருமே பீச்சாங்கைக்காரனுங்கதான்போல” என்று சிரித்துக்கொண்டே பார்த்துப் பழகிய ஜனங்கள் அவர்கள். பேசாத படத்தின் நடுவே வரும் இங்கிலீஷ் எழுத்தும் இடவலம் மாறித்தான் தெரியும். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் அந்த ஜனங்களில் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் தேவசகாயம்.

மிஷன் பள்ளியில் சில வகுப்புகள் படித்தார். அப்பன் செத்ததும் தோல் பதனிடும் சாலையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கினார். ரோமம் உதிரத் தோலை ஊறவைக்கும் தொட்டி அது. இறங்குகிறவன் கையையும் காலையும் அரித்துவிடும். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் சினிமா. பட்டணத்தில் ஓடி, பெங்களூரில் ஓடி, கீறல் விழுந்து, பல வருஷம் கழித்து ஆம்பூருக்கு வரும் ஜெர்மன் படம், இத்தாலிப் படம் எல்லாவற்றையும் பார்ப்பார். அதே படம் திரும்பி வந்தால் திரும்பவும் பார்ப்பார். “மொத வாட்டி கதை பாக்கறோம், ரெண்டாவது வாட்டிதான் படம் பாக்கறோம்” என்பார்.

துணியருகே நின்று கதை சொல்லும் தனகோடி அவருடைய தோஸ்த். ஒரே தெரு, ஒரே தொட்டி. குரல் வளத்தால் தொட்டியிலிருந்து மேலே ஏறியவன். ஆனால் அவனுக்கு இங்கிலீஷ் ஓரெழுத்தும் தெரியாது. புதுப்படம் வந்தால் மத்தியானமே தேவசகாயம் போய் அர்த்தம் சொல்லிக் கொடுப்பார். அதற்காகத் தனகோடி அவரை யாரும் கவனிக்காதபடி முன்பக்கம் தன் காலடியில் உட்கார்த்திக்கொள்வான்.

சென்ற ஆண்டு தொட்டி வேலைக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி ஜாஸ்தி கேட்கவில்லை. வேலை முடிந்ததும் வளாகத்துக் கிணற்றில் கை கால் கழுவ வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான். கிணறு தீட்டாகிவிடும் என்றார் முதலாளி. இந்தக் கைகள் பதனிட்ட தோல் கப்பலேறிச் சீமைக்குப் போகலாம். அதே கைகள் கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது! நிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர் தேவசகாயம்.

அப்போது தனகோடி வந்தான்.

“தேவா, இன்னிக்கு எல்லாரையும் இட்டுகினு வா. காசு வேணாம்.”

“இன்னாடா, திடீர் தர்மம்?”

“நம்ம ஜனம் வேலை இல்லாம பேஜார் படுது. நான்தான் கேட்டு வாங்கினேன்.”

“அப்ப மத்தியானம் வர்றேன், அர்த்தம் சொல்ல.”

“வேணாம்டா. இதுக்கு அர்த்தம் எழுதியே வந்துடுச்சு. முன்னாடி இன்னிக்கு எடமும் இல்ல. நீ உன் ஜனத்தோட உக்காரு.”

‘நம்ம ஜனம்’ அதற்குள் ‘உன் ஜனம்’ ஆகிவிட்டதைத் தேவசகாயம் அன்று கவனிக்கவில்லை.

அது நிலக்கரிச் சுரங்கக் கூலிகளைப் பற்றிய படம். வேலையை நிறுத்துகிறார்கள், பட்டினி கிடக்கிறார்கள், சுரங்க வாசலுக்கு வருகிறார்கள். முதலாளி நிற்கிறார். கூட்டம் மொத்தமும் குனிகிறது. எழுத்து விழுந்தது. இடவலம் மாறிய எழுத்துகளைத் தேவசகாயம் கூட்டிப் படிப்பதற்குள் அது மறைந்துவிட்டது. தனகோடியின் குரல்தான் கேட்டது: “பாருங்க! எஜமான் கால்ல விழுந்துட்டாங்க! ‘புத்தி கெட்டுப் போனோம், மன்னிச்சுடுங்க’ன்றாங்க! அவரும் மன்னிச்சுட்டாரு!” உடனே விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

பெண்கள் அழுதார்கள். தேவசகாயமும் அழுதார். அவர்தான் முதலில் எழுந்தார். “சீமைக்காரனாலயே ஆவலியே, நம்மால ஆவுமா? போதும்பா” என்றார். திங்கட்கிழமை எல்லோரும் தொட்டியில் இறங்கினார்கள். மறுமாதம் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழும்பியது, பூட்டும் தொங்கியது.

இந்த மாதம் கைப்புண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்ள வேலூர் போனவர், அங்கே அதே படம் ஓடுவதைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் யாரும் சாதி கேட்கவில்லை. முன்பக்கம் உட்கார்ந்தார். கூட்டம் குனிந்தது. எழுத்து நேராக விழுந்தது: “தூக்குங்கள். இவனும் நம்மோடு உள்ளே வருவான்.” சுடப்பட்டுக் கூட்டத்தின் நடுவே கண்ணில் படாமல் விழுந்துகிடந்த தோழனைத் தூக்கத்தான் குனிந்திருக்கிறார்கள்! படமும் அங்கே முடியவில்லை. பிணத்தைச் சுமந்துகொண்டு அவர்கள் வாசலுக்குள் நுழைந்தார்கள். முதலாளி தொப்பியைக் கழற்றி வழிவிட்டார்.

மறுநாள் தேவசகாயம் கொட்டகைக்குப் போனார். தனகோடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“அது கால்ல விழுறது இல்லடா, தனகோடி.”

“எது?”

“சுரங்கப் படம். வேலூர்ல பாத்தேன்.”

தனகோடி சோற்றிலிருந்து கையை எடுத்தான். “இந்தக் கொட்டகையில உங்க மொதலாளிக்குப் பங்கு இருக்கு. அவரு சொன்னதைச் சொன்னேன். இதோ பாரு என் கை. ஆறிப்போச்சு. மறுபடியும் சுண்ணாம்புல எறங்கச் சொல்றியா?”

“சரி, வயித்துக்குச் சொன்னே. என்னைப் பின்னாடி எதுக்குடா உக்கார வெச்சே?”

“உனக்குத்தான் படிக்கத் தெரியுமே.”

இருபது வருஷத்து நட்பில் தன் படிப்பை அவன் எப்படி எடை போட்டிருந்தான் என்பது அப்போதுதான் தேவசகாயத்துக்குப் புரிந்தது.

அவர் நேரே தெருவுக்குப் போய் எல்லோரையும் கூட்டி நடந்ததைச் சொன்னார். தோல் பதனிடும் ஆவாரம்பட்டையைச் சாலைக்குச் சுமக்கும் சவுரியம்மாள் குறுக்கிட்டாள்.

“அன்னிக்கு மொதல்ல எழுந்து ‘போதும்’னது யாரு? தனகோடியா? நீதானே?”

“நானும் ஏமாந்தேன், சவுரி.”

“படிச்ச நீயே ஏமாந்தே, நாங்க நம்பணுமா! அவன் ஒரு கதை சொன்னான், இன்னிக்கு நீ ஒண்ணு சொல்றே. உங்க ரெண்டு பேருக்குள்ள இன்னா தகராறோ! உனக்கும் மொதலாளி எதுனா குடுத்தாரா?”

கூட்டம் கலைந்தது. கடைசியாகப் போன சவுரியம்மாள் மட்டும் திரும்பி நின்றாள்: “வேற யாராச்சும் படிச்சவங்க வந்து அந்த எழுத்தைப் படிக்கட்டும். நான் எல்லாரையும் இட்டுகினு வர்றேன்.”

அவளைக் குறை சொல்ல மாட்டேன். குரு சொன்னார், பாதிரி சொன்னார், எஜமான் சொன்னார் என்று நம்பி நம்பிக் கெட்ட ஜனத்தில் ஒருத்தியாவது ‘சாட்சி கொண்டு வா’ என்கிறாளே! அந்தச் சாட்சி கிடைக்காவிட்டால் தேவசகாயம் தன் தெருவில் ஆயுள் முழுக்கத் துரோகிதான். கிணற்றுப் பூட்டும் திறக்காது.

வேலூரில் அந்தப் படம் ஞாயிற்றுக்கிழமை வரைதான். அன்று மாலை ஆட்டத்துக்கு ஆம்பூர் ஜனங்கள் ரயிலில் வருகிறார்கள். இங்கிலீஷ் படித்தவர்களே, உங்களில் ஒருவராவது வாருங்கள். அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எழுத்து விழும்போதெல்லாம், உள்ளது உள்ளபடி, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி தமிழில் படியுங்கள்.