கிராம்பை எடுத்துவிட்டுப் பேசிய அண்ணன்

எங்கள் அண்ணன் போய் ஓர் ஆண்டு ஆகிவிட்டது. இன்று வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணி அவருக்கு முன்பே இறந்துவிட்டார். அதனால் தம்பியாகிய நான் எழுதுகிறேன். நான் ஏழாவதோடு பள்ளியை விட்டு லாரியில் ஏறிப் போனவன். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், தொழிலாளர் லைன் வீட்டில். எங்கள் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பாவும் சுரங்கத்தில்தான் இருந்தார், சுரங்கத்திலேயே இறந்தார். அப்பாவுக்குப் பதிலாக அண்ணனுக்கு வேலை கொடுத்தார்கள். அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வருவதற்குள் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறிக் கீழே இறங்கிவிட்டார். பாஸ் என்று தெரிந்த அன்று அவருக்கு மத்தியான ஷிப்ட். மேலே வந்தபிறகுதான் சொன்னோம். "சரி" என்றார். குளிக்கப் போய்விட்டார்.

சுரங்கம் மூடும்வரை அவர் பாறையில் துளை போடும் வேலை செய்தார். மூடியபின் மற்றவர்களைப் போல விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் செக்யூரிட்டி வேலை பார்த்தார். நாற்காலி கொடுத்தாலும் நின்றுகொண்டே இருப்பாராம். பிறகு நிற்க முடியவில்லை. ஸ்டேஷன் படி ஏறும்போது செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து நின்றுவிடுவார். கூட வருகிறவர்கள் முன்னால் போனபிறகு ஏறுவார். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாது.

வெளியூர்ச் சொந்தங்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சுரங்கத்தில் மெடிக்கல் நடக்கும்போது மூச்சு சரியில்லை என்று தெரிந்தால் சுரங்கத்துக்கு வெளியே, தரைமேல் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். சம்பளம் குறையும். அதனால் டாக்டர் முன்னால் போகும் முன்பு நாக்கின் அடியில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வார்கள். இருமல் அடங்கும். டாக்டர் "எப்படி இருக்கே?" என்றால், "நல்லா கீறேங்க" என்பார்கள். அண்ணன் சட்டைப் பையில் கிராம்பு இல்லாமல் நான் பார்த்ததில்லை. சுரங்கம் மூடியபிறகும் இருந்தது.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் நுரையீரலில் கல் தூசி படிந்து இறுகிவிட்டது என்றார்கள். இருக்கிற மருந்து இருமலைக் குறைக்கும், இறுகியதை இளக்காது. புதிய மருந்து ஒன்று வெளிநாட்டில் சோதனையில் இருக்கிறது, இங்கே வர நாளாகும் என்றார் டாக்டர். "எவ்ளோ நாளு?" என்று அண்ணன் கேட்டார். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் எம்.பி. அம்மா ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். வேறு மாநிலத்தவர். அவர் தொகுதியில் கல் குவாரி அதிகம், அங்கேயும் இதே நோய். மருந்தே இல்லாத இந்த மாதிரி நோய்களுக்குப் புது மருந்தைச் சீக்கிரம் சோதித்து, அனுமதி கொடுக்கும் ஆபீசுக்குக் கெடு வைக்க வேண்டும் என்று ஒரு மசோதா எழுதியிருந்தார். அரசாங்கம் கொண்டுவராமல் ஓர் எம்.பி. தனி ஆளாகக் கொண்டுவரும் மசோதா. நோயாளிகள் சொல்வதைக் கேட்டு சபையில் பேசுவதற்காக வந்தார்.

நான் அப்போது ஹூப்ளியில் ஓட்டல் வேலை விட்டு ஊரில் இருந்தேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு சர்ச் ஹாலுக்குப் போனேன். பழைய சுரங்க ஆட்கள் எல்லோரும் துவைத்த சட்டை போட்டு, தலை வாரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே கிராம்பு வாசனை அடித்தது.

எம்.பி. அம்மா முதல் வரிசையில் இருந்தவரிடம், "ஐயா, மூச்சு எப்படி இருக்கு?" என்று தமிழிலேயே கேட்டார்.

அவர் எழுந்து நேராக நின்றார். "நல்லா கீறேங்க."

"இருமல்?"

"அதெல்லாம் இல்லீங்க."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர், "நேத்துகூட பங்காருபேட்டைக்கு சைக்கிள்ல போய்ட்டு வந்தேங்க" என்றார். அவர் சைக்கிளை விற்று வெகுநாளாகிவிட்டது. பின்னால் ஒருவர், "சைக்கிள் போச்சு, நீ போவல" என்று முணுமுணுத்தார். யாரோ சிரிக்கப் போய் இருமல் வந்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

எம்.பி. அம்மா தன் கூட வந்த உதவியாளர் பையனைப் பார்த்தார். "எல்லாரும் நல்லா இருந்தா நான் யாருக்காகப் பேசறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை மூடினார்.

அண்ணன் எழுந்தார். வாயில் விரலை விட்டுக் கிராம்பை எடுத்துக் கைக்குட்டையில் வைத்தார். "மேடம்" என்று ஆரம்பித்தார். இருமல் வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. முழுவதும் இருமி முடித்துவிட்டு, "இதான் என் மூச்சு. எழுதிக்கோங்க" என்றார்.

முன்வரிசைக்காரர் திரும்பி, "டேய், நீ எடுத்துட்டியா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தானும் எடுத்தார். ஒவ்வொருவராக எடுத்தார்கள். அப்புறம் அந்த ஹால் எப்படி இருமியது என்பது வந்தவர்களுக்குத் தெரியும்.

கிளம்பும்போது அண்ணன் எம்.பி. அம்மாவிடம் ஒன்று கேட்டார். "வேகமா கொண்டாங்க மேடம். ஆனா கேஜ் கதவு சாத்தாம மணி அடிக்கக் கூடாது. அவசரத்துல ஆள் வுழுந்துடுவான்." மணி அடித்தால் கேஜ் கிளம்பிவிடும் என்பதை எம்.பி. அம்மா புரிந்துகொண்டார். சோதனையைக் கைவிடவில்லை, வீணாகக் காக்கவைப்பதைத்தான் குறைக்கிறோம் என்றார். "அப்ப சரி" என்றார் அண்ணன்.

தனிநபர் மசோதாக்களை வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் எடுப்பார்களாம். அதன்பிறகு வெள்ளிக்கிழமை என்றால் அண்ணன் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் கோவாவுக்குப் போய்விட்டேன், அங்கே படகில் வேலை. சாயங்காலம் போன் செய்வேன்.

"இன்னா ஆச்சு?"

"இன்னிக்கும் வரலடா. வேற எதுக்கோ கத்திக்கினு கீறாங்க."

அவருக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷ் பாதி தெரியும். தனியாக உட்கார்ந்து, எம்.பி. அம்மா முகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று அவரே போன் செய்தார்.

"நம்ம ஊரு பேரு சொன்னாங்கடா. கிராம்பு வெச்சிக்கினு வந்ததும் சொன்னாங்க போல. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

"அப்புறம்?"

"நேரம் ஆச்சுன்னு சபைய மூடிட்டாங்க."

விவாதம் பாதியில் நின்றது. அந்த சபையின் காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதியானது. எம்.பி. அம்மா மறுபடி ஜெயித்தார், முதலிலிருந்து கொண்டுவருவேன் என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் போனில் எனக்கு அதைச் சொல்லிவிட்டு, "அப்ப இன்னொரு தபா கிராம்ப எடுக்கணுமா?" என்று சிரித்தார். சிரித்தது நீண்ட இருமலாகி, போன் கட்டாகிவிட்டது.

கடைசி மாதங்களில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். பக்கத்து வீட்டு மேரி அக்கா காலையில் கஞ்சி கொண்டுபோனபோது நாற்காலியில் சாய்ந்திருந்தாராம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்து சேர்வதற்குள் எல்லா ஏற்பாடும் முடிந்திருந்தது.

கஞ்சி கொடுத்த மேரி அக்காவுக்கும், ஆக்ஸிஜன் சிலிண்டரை ஆட்டோவில் தூக்கி வந்த தெருப் பிள்ளைகளுக்கும், ரயிலில் அவருக்கு எப்போதும் ஜன்னல் ஓரம் பிடித்துவைத்த பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும், என் கைக்காகக் காத்திராமல் அவரைத் தோளில் தூக்கிய ஷிப்ட் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குடும்பம் என்றால் இப்போது நான்தான்.

எம்.பி. அம்மா இந்த முறையும் வருகிறார், அதே ஹாலுக்கு. அண்ணனுடைய மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் ஹாலில் இருமியவர்களில் பலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிராம்பு போட்டுக்கொண்டு வராதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேரி அக்கா வாசலில் நின்று, "இன்னா தம்பி, எப்பிடி கீற?" என்று கேட்டார். "நல்லா" என்று வாய் ஆரம்பித்துவிட்டது. நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"இந்த ரெண்டு ரூம் வீடு ரொம்பப் பெருசா கீதுக்கா."