இடது முன்சக்கரத்து ஹோஸ்

என் மனைவி ஐம்பத்து மூன்று வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். லைசென்ஸ் வந்த பிறகு வியாழக்கிழமைதோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு எங்கள் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவாள். பாலத்தில் பஸ்காரனையே ஒதுங்க வைத்தேன் என்று வந்து அளப்பாள்.

ஒரு வியாழன் முகம் வாடி வந்தாள். "என்னங்க, வரும்போது வண்டி நகரவே மாட்டேங்குது. இடது பக்கமா இழுக்குது. கருகுற வாசனை வேற."

மறுநாள் காலை ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். பம்பரமாகச் சுற்றியது. தெருவில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மூன்று வாரம் அவள் சொல்வதும் மறுநாள் நான் பார்ப்பதுமாகவே போனது. கொதிகலன் ஆலையில் முப்பது வருடம் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்தவன் நான். எனக்குத் தெரியாத குழாயா என்ற திமிர். மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது அவர்கள் எதிரிலேயே அவளிடம் சொன்னேன்: "வண்டில ஒண்ணும் இல்ல. பிரேக் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுற. உனக்கெல்லாம் எதுக்கு டிரைவிங்?"

மாப்பிள்ளை சிரித்தார். அதன்பின் அவள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பஸ்ஸில் போனாள். முட்டிவலி வந்ததும் அதுவும் நின்றது. இரண்டு வருடத்தில் மாரடைப்பில் போய்விட்டாள்.

தலைத் திவசத்துக்குச் சொல்ல அவள் அக்கா வீட்டுக்குப் போனேன். அதுவரை கடைத்தெருவைத் தாண்டி நான் அந்தக் காரை எடுத்ததில்லை. திரும்பும்போது, பாலக்கரை நெரிசலில் நூறு தடவை பிரேக் மிதித்தபின், கார் இடது பக்கம் இழுத்தது. கருகல் வாசனை.

சூட்டோடு சூடாக வாசலில் ஜாக்கி போட்டேன். சக்கரம் அசையவில்லை. பிரேக் ஆயில் வரும் இரும்புக் குழாயும், அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தைத் தளர்த்தினேன். சக்கரம் இறுகியே இருந்தது. அதை முடுக்கிவிட்டு, ஹோஸின் மறுமுனையில், சக்கரத்தருகே, ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் சுற்றியது. இரண்டுக்கும் நடுவே இருந்த ஹோஸ்தான் உள்ளே உப்பி அடைத்திருந்தது. மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே இருக்கும். வண்டி ஆறினால் மெல்ல விட்டுவிடும். நான் மூன்று வாரமும் பார்த்தது ஆறிய வண்டியை. அவள் வந்து நின்ற நிமிஷமே சக்கரத்தைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெல்லாம் ஆயிலோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மகளுக்கு போன் செய்தேன்.

"அம்மா சொன்னது நெஜந்தான்டா. ஹோஸ் அடைச்சிருக்கு. உன்கிட்ட என்னைத் திட்டியிருப்பாளே?"

திட்டியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"இல்லப்பா. 'அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் கால் பழகல'ன்னாங்க. நான் வந்திருந்தப்பல்லாம் பாத்திருக்கேன், நீங்க வெளில போனப்புறம் நாற்காலில உக்காந்து, பிரேக்லேந்து எடுக்குற மாதிரி காலை எடுத்து எடுத்து வெச்சுப் பழகுவாங்கப்பா."